இல்லாத காலில் வலி: மூளையில் பிறக்கிறதா, நரம்பில் பிறக்கிறதா?

தூங்காவிழி:

அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. தையல் பிரித்தாகிவிட்டது, காயமும் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் கால் கட்டைவிரலை யாரோ பின்பக்கமாக முறுக்குகிற மாதிரி வலிக்கிறது என்கிறார். அந்த விரலே இப்போது இல்லை. உள்ளங்காலில் எரிச்சல் வேறு. அதுவும் முன்பு ஆறாத புண் இருந்த அதே இடத்தில். பகலில் ஆட்கள் வந்து போகும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "கால் போனதை மனசு ஏத்துக்கல, அதான்" என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா வலியைப் பற்றி வாயே திறப்பதில்லை. இல்லாத விரல் வலிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வலி உடம்பில் எங்கே உண்டாகிறது? நரம்பியல் படித்தவர்கள் யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

கேள்விக்குறி:

அந்தப் பெரியவர் சொன்ன விதம் தப்பு. ஆனால் சொன்ன விஷயத்தை அப்படியே ஒதுக்க முடியுமா என்று தெரியவில்லை. உறுப்பை இழப்பது பெரிய துக்கம். துக்கம் உடம்பில் வலியாக வருவதும் உண்டுதானே? ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

நடைபயணி:

எனக்கு விபத்தில் இடது கால் போனது. முழங்காலுக்கு மேலே. பல வருடங்களாகிவிட்டன. முதல் ஆளாக நான் சொல்கிறேன்: உங்கள் அப்பா சொல்வது நிஜம். அவர் விரலை முறுக்குகிற மாதிரி என்கிறார், எனக்கு ஈரமான காலுறை ஒன்றை இறுக்கமாகப் போட்டுக் கழற்ற முடியாமல் இருப்பது போல இருக்கும். சில சமயம் பாதத்தில் அரிப்பு. சொறிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று அறிவுக்குத் தெரியும், ஆனாலும் கை அந்த இடத்துக்குத் தானாகப் போகும்.

துக்கம் எனக்கும் இருந்தது. துக்கம் குறைந்துகொண்டே வந்த மாதங்களில் இந்த வலி அதன் போக்கில் வந்துபோனது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் உடம்பாலேயே கண்டுகொண்டேன். கேள்விக்குறி அவர்களே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வலிக்கிறது என்று சொல்கிற ஒருவரிடம் முதலில் மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றால் அவர் காதில் விழுவது "உனக்கு வலிக்கவில்லை" என்பதுதான்.

நரம்பிழை:

நான் உடலியங்கியல் கற்பிக்கிறவள். தூங்காவிழி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, கால் கை எடுக்கப்பட்ட படைவீரர்கள் இல்லாத உறுப்பில் வலி என்று சொல்வதை எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தவர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு 'பேண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார். மாய உறுப்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு, எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு வருகிறது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வலியாகவும் வருகிறது. ஆக உங்கள் அப்பா விதிவிலக்கு இல்லை. வலி வராதவர்கள்தான் குறைவு.

இப்போது எங்கே உண்டாகிறது என்ற கேள்விக்கு வருவோம். சாதாரணமாகக் கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது? தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு நுனிகள் மின்துடிப்புகளை அனுப்புகின்றன. தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த இழைகளில் துடிப்பு நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடும். கூர்மையான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். மந்தமான எரிகிற வலியைச் சுமப்பவை கொழுப்பு உறை சுற்றப்படாத மிக மெல்லிய இழைகள், அவற்றில் 2 மீட்டரைக்கூடத் தொடாது. அதனால்தான் இடித்தவுடன் சுரீர் என்று ஒன்று, ஒரு கணம் கழித்து விண்விண் என்று இன்னொன்று. எல்லாம் தண்டுவடத்துக்குள் நுழைந்து, அங்கே அடுத்த நரம்பணுவுக்குக் கைமாறி, தலாமஸ் என்ற மூளை நடுவிலுள்ள நிலையம் வழியாகப் பெருமூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்குப் போகின்றன. அங்கே போன பிறகுதான் அது 'என் கட்டைவிரலில் வலி' ஆகிறது. விரலில் இருப்பது சேதம் மட்டுமே. வலி என்ற அனுபவம் மூளை உருவாக்குவது. உங்களுக்கும் எனக்கும் தினமும் வருகிற எல்லா வலியும் அப்படித்தான்.

இந்த வழியில் ஒவ்வொரு இழைக்கும் ஊர் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரலின் இழை எதைக் கொண்டுவந்தாலும் மூளை அதைக் கட்டைவிரலின் செய்தியாகத்தான் படிக்கும். கடித உறையில் அனுப்புநர் முகவரியாக 'கட்டைவிரல்' என்று எழுதியிருக்கிறது, கடிதத்தை வழியில் யார் பையில் போட்டார்கள் என்று மூளைக்குத் தெரிய வழியில்லை. காலை எடுக்கும்போது அந்த இழை பாதி வழியில் வெட்டுப்படுகிறது. மேலே இருக்கும் பாதியும் அதன் உயிரணுவும் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அந்தப் பாதி துடித்தால் கட்டைவிரல்தான் வலிக்கும்.

ஏன் துடிக்கிறது? வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளரப் பார்க்கும். போக இடம் இல்லாமல் முனையில் சுருண்டு முடிச்சாகிவிடும், இதை நியூரோமா என்பார்கள். அந்த முடிச்சில் சோடியம் வாயில்கள் (மின்துடிப்பைக் கிளப்பும் நுண்ணிய துளைகள்) அளவுக்கு மீறிச் சேர்ந்து, யாரும் தொடாமலேயே துடிப்பு கிளம்பும். அழுத்தினாலோ தட்டினாலோ இன்னும் அதிகம்.

கேள்விக்குறி அவர்களுக்கு: கவலையும் தூக்கமின்மையும் எந்த வலியையும் கூட்டும், இதையும் கூட்டும். அந்த அளவில் மனநல உதவி நல்லதுதான். காரணம் அதுவல்ல, அவ்வளவே.

மருதம்:

முடிச்சு மட்டும்தான் காரணம் என்றால் அதை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்துவிட வேண்டுமே. பல பேருக்குத் தீர்வதில்லை என்று படித்திருக்கிறேன். பிறவியிலேயே கை இல்லாதவர்கள் சிலருக்குக்கூட மாயக் கை உணர்வு உண்டு என்கிறார்கள். அவர்களுக்கு வெட்டுப்பட்ட நரம்பு ஏது?

எனக்கு மூளைப் பக்கத்துக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. கனடாவின் மொண்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையைத் திறந்து மின்முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மூளைத் திசுவுக்கு வலி கிடையாது என்பதால் அது முடிந்தது. ஓரிடத்தில் தொட்டால் உதடு, பக்கத்தில் தொட்டால் கட்டைவிரல் என்று உடம்பின் வரைபடமே புறணியில் கிடைத்தது. 1937இல் அதை வெளியிட்டார்கள். அந்த வரைபடம் உடம்பின் அளவுப்படி இல்லை. உதடும் விரல்களும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, முதுகு முழுவதற்கும் சிறிய இடம். அதோடு, கைக்கு அடுத்து முகம் இருக்கிறது.

பல பத்தாண்டுகள் கழித்து நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். சிலருக்குக் கன்னத்தில் தொடும்போதே இல்லாத கையின் விரல்களிலும் உணர்வு வந்தது. செய்தி வராமல் காலியாகிப்போன கையின் இடத்துக்குள் பக்கத்து வீட்டு முகம் புகுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். 1995இல் ஹெர்டா ஃப்ளோர் குழு, வரைபடம் அதிகம் நகர்ந்தவர்களுக்கு வலியும் அதிகம் என்று காட்டியது. மூளை மாறிவிட்டது, அதனால் வலிக்கிறது. எனக்கு இது தெளிவாகப் படுகிறது.

நரம்பிழை:

மருதம், நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. இப்போது அந்தப் படம் பெரிதாக ஆட்டம் கண்டிருக்கிறது. அதனால்தான் இந்த உரையாடலின் தலைப்பில் உள்ள கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

2013இல் டமார் மேக்கின் குழு, கை இழந்தவர்களை ஸ்கேனில் படுக்கவைத்து இல்லாத கையை அசைக்கச் சொன்னது. கையின் பழைய இடம் காலியாகவே இல்லை, நன்றாக வேலை செய்தது. வலி அதிகம் உள்ளவர்களுக்கு அந்த இடம் இன்னும் வலுவாகவே இருந்தது. 2025இல் அதே அணி இன்னும் நேரடியான ஒன்றைச் செய்தது: கை எடுக்கப்படப்போகிறவர்களின் மூளையை அறுவைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையின் வரைபடம் மாறவில்லை. உதடு வந்து அதைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. மூன்றே பேர்தான், ஆனால் ஒரே ஆளின் முன்பும் பின்பும் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

மறுபக்கம் மார்ஷல் டெவோரும் சக ஆய்வாளர்களும் 2014இல் கால் இழந்தவர்களின் தண்டுவடப் பகுதியில் மரப்பு மருந்து செலுத்தினார்கள். மருந்து வேலை செய்கிற நேரத்துக்கு மாய வலி பெரும்பாலும் நின்றது, மாய உணர்வும்தான். மூளை தானே வலியை உற்பத்தி செய்கிறது என்றால் கீழே மரத்துப்போவதால் ஏன் நிற்க வேண்டும்? தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நரம்பணுக்களின் உடல்கள் திரண்டிருக்கும் இடங்கள் உண்டு. துடிப்பு அங்கிருந்தும் கிளம்பும் என்பது அவர்கள் வாதம். முனையில் உள்ள நியூரோமாவை வெட்டியும் வலி போகாததற்கு இது ஒரு நல்ல விடை.

பிறவியிலேயே உறுப்பில்லாதவர்கள் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது உணர்வின் வரைபடம் ஓரளவு பிறவியிலேயே வருகிறது என்று காட்டுகிறது. ஆனால் அவர்களுக்கு வலி அபூர்வம். உணர்வு ஒன்று, வலி இன்னொன்று.

என் கருத்தைக் கேட்டால்: இல்லாத காலை 'இருப்பதாக' வைத்திருப்பது மூளை, அந்தக் காலுக்குள் தீயை ஊட்டிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் வெட்டுப்பட்ட நரம்பு. ஒரே காரணம் எல்லோருக்கும் பொருந்தாது.

கேள்விக்குறி:

விளக்கத்துக்கு நன்றி, இப்போது புரிகிறது. ஒன்று மட்டும். தன் அப்பாவுக்கு எரிவது பழைய புண் இருந்த இடம் என்று தூங்காவிழி எழுதியிருக்கிறாரே, அது எப்படி? முடிச்சிலிருந்து வருகிற துடிப்புக்குப் புண் எங்கே இருந்தது என்று தெரியாதே.

நரம்பிழை:

மிக நல்ல கேள்வி. 1990இல் ஜோயல் கட்ஸும் ரொனால்டு மெல்சாக்கும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கால் எடுக்கும் முன் இருந்த ஆறாத புண், உள்வளர்ந்த நகம் போன்றவை அதே இடத்தில், அதே தன்மையில் மாய உறுப்பிலும் தொடர்வதைப் பலரிடம் கண்டார்கள். நெடுங்காலம் ஒரே பாதையில் வலி ஓடினால் தண்டுவடத்திலும் மேலேயும் உள்ள நரம்பணுக்கள் கூருணர்வு அடைந்துவிடுகின்றன. பிறகு சிறு துடிப்பும் அங்கே பெரிதாகிறது. அறுவைக்கு முன் கடுமையாக வலித்தவர்களுக்கு மாய வலி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இரவில் கூடுவதற்கும் காரணம் உண்டு. மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் சொன்ன வாயில் கோட்பாட்டின்படி, தொடுதலும் அசைவும் கொண்டுவரும் செய்திகள் தண்டுவடத்திலேயே வலியின் வாயிலைச் சற்று மூடுகின்றன. இடித்த இடத்தை நாம் தேய்ப்பது அதனால்தான். மூளையும் மேலிருந்து மூடும், கவனம் வேறிடத்தில் இருந்தால் இன்னும் நன்றாக மூடும். இரவில் இரண்டுமே குறைவு.

இயன்முறை:

நான் இயன்முறை மருத்துவர், உறுப்பு இழந்தவர்களோடு வேலை செய்கிறேன். தூங்காவிழி, இனிச் செய்ய வேண்டியதைப் பேசுவோமா?

முதலில், வலி எங்கே என்று அவரைச் சொல்லவிடுங்கள். வெட்டிய முனையில் வலியா, இல்லாத பாதத்தில் வலியா? இரண்டும் வேறு. முனையில் வலி என்றால் தொற்று, செயற்கைக் காலின் சாக்கெட் (முனையைச் செருகும் குழி) சரியாகப் பொருந்தாமை, எலும்பு முனை, நியூரோமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முனை சிவந்தோ சூடாகவோ இருந்தால் அன்றே காட்டுங்கள், சர்க்கரை நோயாளிக்குக் காத்திருக்கக் கூடாது.

மாய வலிக்கு நாங்கள் முதலில் முயல்வது கண்ணாடிச் சிகிச்சை. நீளமான கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி உட்காரவேண்டும். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இருக்கும் பாதத்தை மெதுவாக மடக்கி, நீட்டி, விரல்களை விரித்துச் சுருக்கி, அதே நேரத்தில் இல்லாத பாதத்தாலும் அதையே செய்ய முயல வேண்டும். உங்கள் அப்பாவின் முறுக்கிக்கொண்ட கட்டைவிரலுக்கு இது ஏற்றது. கண்ணில் விரல் நிமிர்வது தெரியும்போது முறுக்கு விடுவதாகச் சிலர் அப்போதே சொல்வார்கள். வேகமாகச் செய்ய வேண்டாம். தலைசுற்றினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிடலாம். முதல் தடவை கண்ணாடியில் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்ததும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு, அருகில் இருங்கள்.

மருதம்:

இதை ராமச்சந்திரன்தானே 1990களில் முதலில் கையாண்டார்? சோதித்துப் பார்த்த ஆய்வு இருக்கிறதா, இல்லை சிலருக்குப் பலித்த கதை மட்டும்தானா?

இயன்முறை:

அவர்தான். சோதனையும் உண்டு. 2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையான வால்டர் ரீடில், கால் அல்லது பாதம் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, இன்னொன்றுக்குத் துணி மூடிய கண்ணாடி, மூன்றாவதற்குக் கண்ணை மூடிக் கற்பனை மட்டும். தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். முடித்தவர்கள் 18 பேர், குழுவுக்கு 6. கண்ணாடிக் குழுவில் ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியில் ஒருவருக்கு, கற்பனையில் இருவருக்கு. கற்பனைக் குழுவில் நான்கு பேருக்கு வலி கூடவும் செய்தது. பிறகு மற்றவர்களையும் கண்ணாடிக்கு மாற்றியபோது பெரும்பாலோருக்குக் குறைந்தது.

ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பளிச்சென்று வரவில்லை, கலவையாகத்தான் இருக்கின்றன. என்னிடம் வந்தவர்களிலும் சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் செலவும் ஆபத்தும் குறைவான ஒன்றை முயன்று பார்க்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரடியாகக் கண்ணாடிக்குப் போனால் வலி கூடுகிறவர்களுக்குப் படிப்படியான முறை இருக்கிறது: முதலில் படங்களைப் பார்த்து இடது கால், வலது கால் என்று அடையாளம் சொல்வது, அடுத்து அசைப்பதாக மனத்தில் நினைப்பது, அதன்பிறகுதான் கண்ணாடி.

முனையை மெதுவாக நீவிவிடுவது, தட்டிக்கொடுப்பது, அழுத்தக் காலுறை, செயற்கைக் காலை நன்றாகப் பொருத்தி நடப்பது எல்லாமே உதவும். மருந்து வேண்டுமென்றால் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் யோசிப்பார். வேறு யாருக்கோ எழுதியதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு முதல் இரண்டின் அளவைக் குறைக்க வேண்டும், சர்க்கரை நோயில் சிறுநீரகம் அடிக்கடி பாதிக்கப்படுகிறது. மூன்றாவது இதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்கு ஆகாமல் போகலாம். மூன்றுமே தூக்கக் கலக்கம் தரும்.

தூங்காவிழி:

எல்லோருக்கும் நன்றி. நரம்பிழை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "அந்தப் புண்ணு விஷயத்தைத் திரும்பப் படி" என்றார். இயன்முறை மருத்துவரிடம் கண்ணாடிச் சிகிச்சைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.

இன்னொன்று பயமாக இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்தால் கால் இருப்பதாகவே நினைத்து இறங்கப் பார்க்கிறார். ஒரு முறை கட்டில் விளிம்பைப் பிடித்துத் தப்பித்தார்.

நடைபயணி:

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். மாய உணர்வின் உண்மையான ஆபத்து இதுதான், வலியைவிட எனக்கு இதில்தான் அடிபட்டது. அரைத்தூக்கத்தில் பாதம் தரையில் பதிந்திருப்பதாகவே இருக்கும். அதை நம்பி எடை வைத்தால் விழுவது நேராக வெட்டிய முனையின் மேல். தையல் பிரிந்து மறுபடி அறுவை அறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நான் செய்தது: எழுந்தால் கால் வைக்கும் பக்கத்தில் ஊன்றுகோலையோ நாற்காலியையோ குறுக்கே வைத்துவிடுவது. அதைத் தொட்டதும் நினைவு வந்துவிடும். சிறுநீருக்கு எழுந்து போகாமல் கைக்கெட்டும் தூரத்தில் பாத்திரம். இரவு விளக்கு அணையக் கூடாது. இறங்கும் முன் கையால் முனையைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கச் சொல்லுங்கள். கண்ணும் கையும் சொன்னால் மூளை கேட்கும். தூக்க மருந்து எடுக்கிற நாட்களில் யாராவது கூடப் படுங்கள். இன்னொரு காலையும் தினமும் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. அதில் உணர்வு குறைந்திருந்தால் சிறு காயம்கூட அவருக்குத் தெரியாது.

வெண்பலகை:

இந்த உரையாடலை ஆரம்பத்திலிருந்து படித்தேன். சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. இப்போது அறையில் சின்னச் சின்ன மனிதர்கள் வண்ண உடையில் நடந்து போவதைப் பார்க்கிறார். பேச்செல்லாம் தெளிவு, கணக்கு வழக்கு எல்லாம் சரி. அவர்கள் நிஜமில்லை என்றும் அவருக்கே தெரிகிறது. வீட்டில் புத்தி பேதலிக்கிறதோ என்று பயப்படுகிறார்கள்.

நரம்பிழை:

நிறையவே சம்பந்தம் இருக்கிறது. கண்ணுக்கு நேரும் மாய உறுப்பு என்றே இதைச் சொல்லலாம்.

1760இல் ஜெனீவாவின் இயற்கையியலாளர் சார்ல் பொனே தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். வயது தொண்ணூறை நெருங்கியவர், கண்புரையால் பார்வை மங்கியவர், அறிவு தெளிந்தவர். அவருக்கு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தோன்றின, நிஜமில்லை என்றும் தெரிந்தது. இன்று அது பொனே நோய்த்தொகுதி என்று அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் பார்வைப் புறணி சும்மா இருப்பதில்லை, தானாகக் கிளர்ச்சி அடைகிறது. 1998இல் லண்டனில் இப்படிப்பட்டவர்களை ஸ்கேன் செய்தபோது, முகம் தோன்றுகிற நேரத்தில் முகங்களை அறியும் பகுதியும், வண்ணம் தோன்றுகிற நேரத்தில் வண்ணத்துக்கான பகுதியும் வேலை செய்வது தெரிந்தது. பாட்டி 'கற்பனை' செய்யவில்லை. பார்க்கிறார், கண்ணின் உதவி இல்லாமல்.

பாட்டியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். புத்தி பிசகவில்லை என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். அடிக்கடி கண் சிமிட்டுவது, பார்வையை இடமும் வலமும் வேகமாக நகர்த்துவது, விளக்கைக் கூட்டுவது உருவங்களைக் கலைக்கும். கண் மருத்துவரிடமும் காட்டுங்கள், கண்புரை போல் சரிசெய்யக்கூடிய ஒன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் உருவங்கள் பேசினாலோ, அவற்றை நிஜம் என்று நம்பினாலோ, குழப்பமோ நடையில் தடுமாற்றமோ சேர்ந்து வந்தாலோ அது வேறு. அப்போது நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

செய்தி வராத இடத்தை மூளை இட்டு நிரப்புவதை எல்லோரும் வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட தாளில் இடதுபக்கம் ஒரு பெருக்கல் குறி, அதே கோட்டின் மேல் 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டு தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் அணுக்களே இல்லை, புள்ளி அதன் மேல் விழுகிறது. கவனிக்க வேண்டியது அடுத்தது: அங்கே ஓட்டை தெரியாது, கோடு இடைவெளி இல்லாமல் தொடர்வதாகத் தெரியும். அந்தக் கோட்டுத்துண்டை வரைந்தது மூளை.

கேள்விக்குறி:

செய்து பார்த்தேன். கோடு உண்மையிலேயே தொடர்கிறது! கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை.

இதே வரிசையில் இன்னொரு சந்தேகம். பக்கவாதம் வந்த ஒருவர், உணர்வே இல்லாத பக்கம் நெருப்பாக எரிகிறது என்கிறார். குத்தினால் தெரியவில்லை, ஆனால் எரிகிறது. அதுவும் இதுதானா?

நரம்பிழை:

நெருங்கிய உறவு. தலாமஸ் பகுதியில் அடைப்பு வந்தவர்களிடம் இதை டெஜரின், ரூஸி என்ற நரம்பியல் மருத்துவர்கள் 1906இல் விவரித்தார்கள். கையும் காலும் இருக்கின்றன, அவற்றிலிருந்து வரும் வழி மூளைக்குள் அறுந்திருக்கிறது. பக்கவாதம் வந்து வாரங்களோ மாதங்களோ கழித்து எரிச்சல் தொடங்கும், குளிர்ந்த நீர் பட்டாலே தாங்காது. இங்கே டெவோர் விளக்கம் போதாது, துடிப்பு பிறப்பது மூளைக்குள்ளேயேதான். மருதம் பக்கத்துக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறேன்.

நேர் எதிரான நிலையும் உண்டு. நரம்பின் ஒரு சோடியம் வாயில் பிறவியிலேயே வேலை செய்யாததால் வலியே அறியாமல் வளர்கிறவர்கள் இருக்கிறார்கள். 2006இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கேட்க வரம் போல இருக்கும். எலும்பு முறிந்தாலும் தெரியாமல் நடப்பார்கள், நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், சுட்டாலும் கையை எடுக்க மாட்டார்கள். அந்த வாயிலை மட்டும் அடைக்கும் வலி மருந்துகளை உருவாக்க அப்போதிருந்து முயன்று வருகிறார்கள்.

மருதம்:

புள்ளிக்கு நன்றி. காது இரைச்சலும் இந்தக் குடும்பம்தானா? எனக்குச் சில மாதங்களாக இரண்டு காதிலும் 'ஙொய்' என்ற சத்தம். காது கேட்கும் கருவி வைத்தால் அடங்கும் என்கிறார்கள், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நரம்பிழை:

பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். ஒலியை உணரும் உட்காதின் மயிரணுக்களில் உயர்ந்த சுருதிகளுக்கானவை முதலில் சேதமாகும். பேச்சு கேட்பதற்கு அவை அவ்வளவாகத் தேவைப்படாததால் காது நன்றாகக் கேட்கிறது என்றே தோன்றும். செய்தி குறைந்த சுருதிகளில் மூளை ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது, அந்தக் கூடுதல்தான் இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பரிசோதனையில் கேட்புக்குறைவு தெரிந்தால் கருவி பலருக்கு உதவுகிறது, வெளிச் சத்தம் மறுபடி வந்து சேர்வதால் இரைச்சல் பின்னால் போய்விடும். ஆகவே கேட்புப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிற இரைச்சல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் அவசியம் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விடுங்கள், அதற்கான மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.